மகளுக்கு, அரைப்பேர் பற்றி

தர்ஷி,

எங்கே சிரிக்கலாம் என்று தேடித் தேடி இதைப் படிக்காதே. உன் அம்மா எழுதினால் நடுவில் ஒரு நக்கலாவது இருக்கும் என்று உனக்குத் தெரியும். இருக்கும்தான். ஐம்பதை எட்டப்போகிற வாயை இனி எந்தக் கராஜில் கொண்டுபோய்த் திருத்துவது? பதினாறு வயதில், விடிகிற நேரம், வேலைக்குப் பேர் எடுக்கிற பெரட்டுக்கு ஆள் கூடுமுன், லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் நின்று, பெரிய கங்காணியின் குரலிலேயே "இன்னைக்குப் பெரட்டு இல்ல, எல்லாரும் படுங்க" என்று கத்திவிட்டு ஓடினவள் நான். பாதித் தோட்டம் திரும்பிப் படுத்துக்கொண்டது. அந்த விவகாரம் துரை பங்களா வரைக்கும் போனது. அதற்குப் பிறகு நான் உண்மையைச் சொன்னாலும் ஆட்கள் முதலில் சிரித்துவிட்டுத்தான் காது கொடுப்பார்கள். ஒருநாள் வீட்டுக்குள் பாம்பு என்று கத்தினேன், பக்கத்து வீட்டுக் காம்பராவில் கை தட்டினார்கள். அதனால்தான் வாயால் சொல்லாமல் எழுதுகிறேன். வாயால் சொன்னால் நீயும் சிரிப்பாய், சிரித்துக்கொண்டே பெட்டியைப் பூட்டிவிடுவாய்.

நாளை மறுநாள் காலை பதுளையில் ரயில் ஏறுகிறாய். அடுத்த நாள் கொழும்பிலிருந்து சீனாவுக்கு விமானம். அந்தச் சீனத்துச் சாம்பியன் நடத்துகிற செஸ் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறாய். நமுனுகுல மலைக்குக் கீழே இருக்கிற இந்த லயத்திலிருந்து இப்படி ஒரு வேலைக்கு இதுவரை யாரும் போனதில்லை. உன் அப்பா ஃபெக்டரியில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. வாயில்லாத மனுசன், உன் விஷயத்தில் மட்டும் லவுட்ஸ்பீக்கர். நான் தடுக்கப் போவதில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கு ஒரு பயம். அது எதனால் என்று நீ தெரிந்துகொண்டு போகவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை உனக்குச் சோற்றுப்பொதி கொண்டுவந்தேன் அல்லவா, பதுளை டவுனில் நீ வகுப்பு நடத்துகிற மாடிக்கு? நீ என்னைக் கவனிக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. கதவோரமாக நின்று பார்த்தேன். இருபது பிள்ளைகள் இருந்தும் ஒரு சத்தமில்லை. கொழுந்து பறிப்பதை விட்ட பிறகு, தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவில் இத்தனை வருசம் வேலை செய்தவள் நான். பிள்ளைகள் சத்தம் போடாமல் இருந்தால் முதலில் யாருக்குக் காய்ச்சல் என்றுதான் பார்ப்பேன். ஜன்னல் பக்கத்து மேசையில் ஜெனி. மார்க்கெட் தெருவில் துணிக்கடையில் நிற்கிறாளே, அவளுடைய மகள். ஏழு வயது, முன்பல் இல்லை. எதிரே இருந்த பையனோடு ஆடின ஆட்டம் டிராவில் முடிந்தது. இரண்டு பேரும் கை கொடுத்தார்கள். பிறகு இடைவேளை விட்டாய். ஜெனி பையிலிருந்து ஒரு பணிஸை, இனிப்புப் பன்னை, எடுத்தது. எடுத்து, இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியைத் தின்றது, மற்றப் பாதியைத் திரும்பக் கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைத்தது. பசியில்லாமல் வைக்கவில்லை, தர்ஷி. பையை மூடிய பிறகும் அதன் கண் பைமேலேயே இருந்தது.

நீயும் பார்த்தாய். நீ பார்த்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அதன் தலையை லேசாகத் தடவி, அடுத்த மேசைக்குப் போனாய்.

நான் சோற்றுப்பொதியை வாசலிலேயே வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.  பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவளிடம் மழையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன்.

அந்தப் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் எங்கேயிருந்து வந்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நம்முடைய காம்பராவிலிருந்து வந்தது. உனக்கு எட்டு வயது. பண்டாரவளையில் நடந்த முதல் பெரிய போட்டியில் எல்லா ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டுக் கடைசியில் ஒரு டிரா. அரைப் புள்ளி. வீட்டுக்கு வந்து, அரைப் புள்ளி என்றால் என்ன என்று அம்மாவுக்கு விளக்கினாய். நான் அப்போதுதான் தேயிலை மலையிலிருந்து வந்து, அட்டை கடித்த காலைக் கழுவிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கும் பறித்த கொழுந்து எடை குறைவு. கொழுந்து போதாவிட்டால் இங்கே முழு நாள் மலையில் நின்றாலும் அரைப்பேர்தானே விழும், பாதிச் சம்பளம். "ஐயோ பாவம், ஒனக்கும் அரைப்பேரா? அம்மாவும் மகளும் சேந்து இன்னைக்கு ஒரு பேர்" என்றேன். உன் அப்பா சிரித்தார். பக்கத்துக் காம்பரா சிரித்தது. நீயும் சிரித்தாய். அன்றிலிருந்து நம்முடைய வீட்டில் ஜெயித்தால் முழுப்பேர், டிரா ஆனால் அரைப்பேர், தோற்றால் பேர் இல்லை. நீ போட்டி முடிந்து வந்து ரோட்டிலிருந்து ஏறி வரும்போதே லயத்துப் பிள்ளைகள் "அக்கா, இன்னைக்கு எத்தன பேர்?" என்று கேட்கும்.

இரண்டு மாசம் கழித்து ஒருநாள், டிரா ஆகிவிட்டு வந்து, தட்டில் இருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து எனக்குத் திருப்பித் தந்தாய். "அரைப்பேர்தானம்மா" என்றாய். முகத்தில் ஒரு அசைவில்லை. வேறு எந்த வீட்டிலும் தாய்க்காரி பயந்திருப்பாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் பிள்ளை என்னைப் போலவே சேட்டை பண்ணுகிறது என்று நினைத்தேன். ஊருக்கெல்லாம் சொன்னேன். தோற்ற நாள் நீ தட்டையே தொடாமல் இருந்தபோதும் அதைப் பகிடியாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஏனென்றால் இந்தத் தோட்டத்தில் அந்தக் கணக்கு யாருக்கும் விசித்திரமாகப் படாது. உழைப்பு குறைந்தால் சாப்பாடு குறையும், அது மழை மாதிரி. பெரிய ஆட்களுக்கு வைத்த நியாயத்தை ஒரு பிள்ளை தன் வயிற்றுக்கு வைத்துக்கொண்டதை நான் காணவில்லை.

இந்த நேரத்தில்தான் அந்தச் சீனத்துப் பெண் நம்முடைய வீட்டுக்குள் வந்தாள். உனக்குச் செஸ் பழக்கின சேர் கொடுத்த படத்தைக் கட்டிலுக்கு மேலே ஒட்டினாய். கறுப்பு முடி, நெற்றியை மறைக்கிற வெட்டு, ஒரு கையால் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு பலகையைப் பார்க்கிறாள். வாயில் நுழையாத பேர் என்பதால் நான் அவளுக்குச் சீனி என்று பேர் வைத்தேன். நீ முறைத்தாய், அப்புறம் நீயே சீனியக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாய். அவளுடைய கதை முழுவதும் உனக்கு மனப்பாடம். ஐந்து வயதில் பலகை, ஏழு வயதில் வீட்டைவிட்டுப் பெரிய நகரத்தில் விளையாட்டு விடுதி, பல் விழுந்து முளைக்கிற வயதில் பெரிய ஆம்பிளைகளைத் தோற்கடித்தது, பள்ளிக்கூடம் முடிக்குமுன் பெண்களில் உலகச் சாம்பியன். நீ அதைச் சொல்லும்போது வேதக்காரப் பிள்ளைகள் பைபிள் வசனம் சொல்கிற மாதிரி இருக்கும். செஸ்ஸும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ராஜா ஒரு கட்டம் நகர்ந்துவிட்டு உட்கார்ந்துகொள்வார், ராணி பலகை முழுக்க ஓடுவாள், நம்ம வீட்டைப் பார்த்து எழுதின சட்டம் என்று உன் அப்பா முகத்துக்கு நேரே சொன்னேன். பிள்ளைக்கு இன்னும் லைன் சரியாகத் தெரியாது என்று சேர் குறை சொன்னபோது, "அது பொறந்ததே லைன்லதான் சேர்" என்றேன். நான் சொன்னது நம்ம லயத்து லைன், அவர் ஆட்டத்தின் தொடக்க வழிகளைச் சொன்னாராம். எனக்கு எப்படித் தெரியும்?

பதினொரு வயதில் வெளிநாட்டுப் போட்டிக்குப் போனாய். தோட்டமே சேர்ந்து அனுப்பியது. மேடையில் பரிசு கொடுத்தவள் சீனி. வந்து இறங்கியதும் அவளுக்கு எப்படியிருந்தது முகம், என்ன பேசினாள் என்று ஆசையாகக் கேட்டேன். "கை சில்லுன்னு இருந்திச்சும்மா" என்றாய். அதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் அவள் பட்டத்தை விட்டுவிட்டு விளையாட்டிலிருந்தே விலகினாள். யாருக்கும் காரணம் தெரியாது. இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை.  பிறகு போனில் அவளுடைய பேட்டி ஒன்று வந்தது, நாம் மூன்று பேரும் பார்த்தோம், ஞாபகம் இருக்கிறதா? எல்லாக் கேள்விக்கும் டக் டக்கென்று பதில் சொன்னாள். சின்ன வயதில் செஸ்ஸைத் தவிர என்ன விளையாட்டுப் பிடிக்கும் என்று கேட்டான் ஒருத்தன். அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். மேலே பார்த்தாள், வீட்டில் எதையோ வைத்த இடம் மறந்துபோனவள் மாதிரி. படம் நின்றுவிட்டது, சிக்னல் போய்விட்டது என்று உன் அப்பா போனைத் தட்டினார். படம் நிற்கவில்லை, தர்ஷி. பின்னாலே திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது. கடைசியில் அடுத்த கேள்வி என்றாள்.

உனக்குப் பதினாலு வயதில் கண்டிப் போட்டியில் நடந்ததை நான் மறுபடி விவரிக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நீ அங்கே உள்ளேயிருந்தாய், நான் கண்ணாடிக்கு வெளியே இருந்தேன். இன்னும் ஒரு நகர்த்தலில் ஜெயம் என்று பக்கத்தில் நின்ற சேர் கிசுகிசுத்தார். நீ கையை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தாய். நேரம் முடிந்து நீ தோற்கும்வரை. எதிரே இருந்த பிள்ளை அழத் தொடங்கிவிட்டது, ஜெயித்த பிள்ளை. திரும்பி வரும்போது ரயில் தெமோதரையில் மலையைச் சுற்றிவந்து தன்னுடைய பாதைக்கே அடியில் நுழைகிற இடத்தில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "ஜெயிச்சா அடுத்ததும் ஜெயிக்கணும்லம்மா. அதான் கை வைக்கல."  அதன்பிறகு இரண்டு வருசம் பலகையைத் தொடவில்லை நீ. சீனியின் படத்தையும் நீதான் கிழித்தாய். நான் அந்த அரைப்பேர்ப் பேச்சை வீட்டில் எடுப்பதை நிறுத்தினேன். காலப்போக்கில் நீ நன்றாகச் சாப்பிட்டாய், சிரித்தாய், படித்தாய், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாய். முடிந்துவிட்டது என்று நினைத்தேன். தேயிலைக்கு நடுவில் சிறுத்தை போய்விட்டது என்று நினைக்கிறமாதிரி. அது போகவில்லை, சத்தம்தான் போடவில்லை.

போன மாசம் அந்த வேலை கிடைத்ததும் ஓடிவந்து எல்லாவற்றையும் சொன்னாயே, அதை ஒவ்வொன்றாக இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஐந்து வயதிலேயே சேர்ப்பார்களாம். அங்கேயே தங்கலாம். பின்னேரம் ஒவ்வொரு நாளும் யார் முதல், யார் கடைசி என்று வரிசை போட்டுச் சுவரில் ஒட்டுவார்கள், கடைசியில் வருகிற பிள்ளைகளுக்கு வேறு அறை. தோற்ற பிள்ளை சாப்பிடுமுன் எழுந்து நின்று தன் பிழையைச் சொல்லவேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, கண் மின்ன, "அங்க பிள்ளைங்க அழவே மாட்டாங்கம்மா" என்றாய். நான் ஏதோ கடி சொன்னேன், மிளகாய் இல்லாத ஊர் போல என்று. நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சீனி வந்து சொல்லிக்கொடுப்பாளா என்று கேட்டதும் நினைவிருக்கிறதா? அவள் மேல்மாடியில் இருப்பாளாம், பிள்ளைகள் விளையாடுகிற அறைக்குள் வருவதேயில்லையாம். பள்ளிக்கூடம் திறந்த நாள் ரிப்பன் வெட்டியதோடு சரியாம். ரொம்ப பிஸி என்றாய். தர்ஷி, தான் கட்டின வீட்டில் ஒரு அறைக்குள் மட்டும் ஒரு மனுசி கால் வைக்கவில்லை என்றால் அதற்குப் பேர் பிஸி இல்லை. அந்த அறைக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவள் போகமாட்டாள் என்பதால்தான் உன்னைப் போல ஆட்களைக் கூலிக்குக் கூப்பிடுகிறாள்.

போகாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து, நீ குனியக்கூடாது என்றுதானே வளர்த்தோம். உனக்குத் திறமையிருக்கிறது, பிள்ளைகளுக்கு உன்னைப் பிடிக்கும். அதுதான் எனக்குப் பயம். பிடிக்காத டீச்சர் சொன்னால் பிள்ளை காதில் வாங்காது. பிடித்த டீச்சர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் தலையைத் தடவினாலே போதும், பாதிப் பணிஸ் பைக்குள் போய்விடும். நீ ஜெனியிடம் சாப்பிடாதே என்று ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். நானும் உனக்குச் சொல்லவில்லை. சிரித்தேன், அவ்வளவுதான். உன்னுடைய சின்ன வயதுக் கதையை வகுப்பில் பகிடியாகச் சொல்லியிருப்பாய், அரைப்பேர், முழுப்பேர் என்று. பிள்ளைகள் சிரித்திருக்கும். அதில் ஒன்று மட்டும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமையோடு இது முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன், வந்து உன் காதைத் திருகியிருப்பேன். நேற்று ஜெனியுடைய அம்மா எனக்குப் போன் எடுத்தாள். உன்னுடைய போன் வேலை செய்யவில்லையாம். குறை சொல்லத்தான் எடுத்தாள் என்று நினைத்தேன். இல்லை. நன்றி சொல்ல எடுத்தாள். "ஒங்க மக நல்ல ஒழுக்கம் பழக்கியிருக்காங்கக்கா. முன்ன எல்லாம் இது எவ்வளவு அடம்புடிக்கும். இப்ப தோத்துட்டு வந்தா அதுவே போயி மூலையில உக்காந்துக்குது, சோறு வேணாங்குது, நான் ஒன்னும் சொல்ல வேண்டியதில்ல" என்றாள். சந்தோசமாகச் சொன்னாள். அடுத்த வருசம் பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பலாமா, உன்னுடைய சீனப் பள்ளிக்கூடத்துக்கே எடுப்பார்களா என்று கேட்டாள். பின்னால் பாத்திரச் சத்தம், ரேடியோ, எல்லாம் சாதாரணமாக இருந்தது. என்னுடைய பழைய சிரிப்பையே யாரோ என் காதுக்குள் திருப்பிச் சிரித்தமாதிரி இருந்தது.  பிள்ளையிடம் போனைக் கொடு என்றேன்.

ஜெனி வந்து, "குட் ஈவினிங் ஆன்டி" என்றது. சாப்பிட்டியா என்று கேட்டேன். இன்றைக்கு வகுப்பு இல்லை, அதனால் இடது கையும் வலது கையும் விளையாடின, வலது கை தோற்றுப்போச்சு என்றது. அதனால் சாப்பிடவில்லையாம். எந்தக் கையால் சாப்பிடுவது என்று எனக்கு ஒரு கடி நாக்கு நுனிவரை வந்தது. என் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு கடியை விழுங்கினேன், தர்ஷி.  பிறகு அது குரலை இறக்கி, அம்மாவுக்குக் கேட்காமல், என்னிடம் ஒன்று கேட்டது: "டீச்சர் சீனாவுக்குப் போனதுக்கப்புறம் நான் தோத்தா, இனிமே சாப்புடலாம்னு யாரு ஆன்டி சொல்லுவாங்க?"

 நான் சொல்லுறேன், இப்பவே போய்ச் சாப்பிடு என்று சொன்னேன்தான். "நீங்க டீச்சர் இல்லையே" என்றது. மரியாதையாகத்தான் சொன்னது. அது சரிதான். உனக்கு உன் அப்பா எத்தனை தரம் சாப்பிடு என்று சொன்னார், கேட்டாயா? அந்தப் பூட்டுக்கு ஒரே ஒரு சாவிதான், அது அதைப் பூட்டின ஆளிடம்தான் இருக்கும். உன்னுடையதை நான் நேரத்துக்குத் திறக்கவில்லை. நீ இப்போது இந்த ஒரு பிள்ளையை அப்படியே விட்டுவிட்டு, பூட்டத் தெரிந்த கையோடு, அழத் தெரியாத பிள்ளைகள் இருக்கிற ஊருக்குப் போகிறாய். ஒரு ஜெனிக்குப் பதில் சொல்லாமல் போனால் அங்கே நூறு ஜெனிக்கு நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச வருசத்தில் நீயும் மேல்மாடிக்குப் போய்விடுவாய்.

அதனால் ஒரு வேலை செய்திருக்கிறேன், கோபப்படாதே. வியாழக்கிழமை காலை ஜெனியையும் அதன் அம்மாவையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். டீச்சரை வழியனுப்ப என்றுதான் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். பிள்ளையிடம் சொன்னது வேறு. நீ அந்தக் கேள்வியை டீச்சரிடமே கேள் என்றேன். கேட்கும். அது கேட்டுவிட்டு உன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கும். பிளாட்பாரத்தில் உன் கூட்டாளிகள் இருப்பார்கள், உன் அப்பா பூமாலையோடு வந்து மானத்தை வாங்குவார், ரயில் கார்ட் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்பான். நீ அவசரத்தில் சிரித்து, கன்னத்தைத் தட்டி, நல்லா விளையாடு என்று சொல்லிவிட்டு ஏறப் பார்ப்பாய். உன்னுடைய பெரிய பெட்டியை நான்தான் தூக்கி வருவேன், இப்போதே சொல்லிவிட்டேன். நீ முட்டிபோட்டு உட்கார்ந்து, அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே, அதற்குப் புரிகிறமாதிரி பதில் சொல்லும்வரைக்கும் அந்தப் பெட்டி ரயிலில் ஏறாது. ரயில் போனாலும் பரவாயில்லை.

அம்மா